டச் ஸ்கிரீன் அடம் பிடிக்கிறதா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாருங்கள்!

நோக்கியா 1100 போனை நினைவிருக்கிறதா? 2003ல் வந்த அந்த டார்ச் லைட் போனில் கீபேட் வேலை செய்யவில்லை என்றால் மேல் மூடியைக் கழற்றுவோம். ரப்பர் பட்டன்களை எடுத்து, அடியில் இருக்கும் வட்டமான தொடர்புப் புள்ளிகளைத் துடைத்து மீண்டும் மாட்டுவோம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு பட்டன் போனாலும் மற்ற பட்டன்கள் இருக்கும்.

இன்றைய போன்களில் அந்த வசதி இல்லை. ஒரே கண்ணாடிதான் கீபேட், அதுதான் மவுஸ், அதுதான் மானிட்டர். அது அடம் பிடித்தால் போனே பூட்டிய பெட்டி ஆகிவிடுகிறது. உள்ளே பேங்க் ஆப் இருக்கிறது, ஓ.டி.பி. வருகிறது, குடும்பத்தின் போட்டோக்கள் இருக்கின்றன. எதையும் தொட முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் பணம் கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றிக் கொண்டவர்கள் பலர். போன் எவ்வளவு அவசியம் என்பதை அப்போது எல்லோரும் பார்த்தோம்.

திருவாரூரில் நான் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து, அக்கம் பக்கத்தினர் பழுதான போனையும் என்னிடமே கொண்டு வருகிறார்கள். அதில் நான் கண்டது இதுதான்: டச் கெட்டுவிட்டது என்று வரும் போன்களில் கணிசமானவற்றுக்கு ஸ்கிரீனில் எந்தக் குறையும் இல்லை. சார்ஜர், ஸ்கிரீன் கார்டு, ஈரம், ஏதாவது ஒரு ஆப் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். எனவே கடைக்கு ஓடும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

டச் ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது?

இதைத் தெரிந்து கொண்டால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. டச் ஸ்கிரீனில் இரண்டு வகை உண்டு. முதல் வகை ரெசிஸ்டிவ். மெல்லிய இடைவெளியுடன் இரண்டு அடுக்குகள் இருக்கும். அழுத்தும்போது மேல் அடுக்கு கீழ் அடுக்கைத் தொடும். நகத்தால் அழுத்தினாலும் வேலை செய்யும். 2008ல் அறிமுகமான நோக்கியா 5800 இந்த வகைதான்.

இரண்டாவது வகை கெப்பாசிட்டிவ். இன்று உங்கள் கையில் இருப்பது இதுதான். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பிக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, வலை போல ஓடுகின்றன. இவை இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, ஒளி ஊடுருவும் பொருளால் ஆனவை. உங்கள் விரல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் அருகே வந்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் சிறிதளவு மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிறிய சிப் அளந்து, எந்த இடத்தில் தொட்டீர்கள் என்று சொல்கிறது. இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஈ.ஏ.ஜான்சன் 1965லேயே இதுபற்றி எழுதினார். 2007ல் ஐபோன் வந்த பிறகுதான் இது பரவலாகப் புகழ் பெற்றது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். ஒன்று, தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஸ்கிரீனில் உள்ள ஒரு துளி தண்ணீரை போன் விரல் என்று நினைத்துக் கொள்ளும். இரண்டு, மிகச் சிறிய மாற்றத்தை அளக்க வேண்டியிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்தக் கணக்கைக் குழப்பும். மூன்று, படம் காட்டும் பகுதி வேறு, தொடுவதை உணரும் பகுதி வேறு. படம் நன்றாகத் தெரிந்தும் டச் வேலை செய்யாமல் போவது இதனால்தான். கடையில் இரண்டையும் ஒன்றாக ஒட்டிய பகுதியை 'காம்போ' என்பார்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பேக்கப்: டச் அவ்வப்போது வேலை செய்கிறதா? அப்படியானால் வேறு எதையும் தொடும் முன் போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். போனில் வரும் அறிவிப்பில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, போட்டோ, வீடியோ போல்டர்களை கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். பாதி வேலை செய்யும் டச், நாளை முழுதாக நின்று போகலாம்.

2. ரீஸ்டார்ட்: ஸ்கிரீனைத் தொடாமலே போனை மீண்டும் இயக்கலாம். சில ஆண்ட்ராய்ட் போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும்; இந்தப் பட்டன் சேர்க்கை போனுக்குப் போன் மாறும். ஐபோன் 8 மற்றும் அதற்குப் பின் வந்தவற்றில் வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டி, குறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டி, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

3. துடைத்தல்: போனை ஆப் செய்யுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். சமையல் எண்ணெய், விபூதி, அறுவடைக் காலத்துத் தூசி எல்லாம் சேர்ந்து ஸ்கிரீனில் ஒரு படலமாகப் படிந்திருக்கும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மேல் உள்ள எண்ணெய் ஒட்டாத பூச்சு போய்விடும். எதையும் நேராக ஸ்பிரே செய்யவும் கூடாது.

4. ஸ்கிரீன் கார்டு: டெம்பர்டு கிளாசின் ஓரம் தூக்கியிருக்கிறதா, அடியில் தூசியோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். தடிமனான கார்டு போட்டிருந்தால், சாம்சங் போன்ற சில போன்களில் டிஸ்பிளே செட்டிங்ஸில் 'டச் சென்சிட்டிவிட்டி' என்று ஒரு வசதி உண்டு. அதை ஆன் செய்தால் போதும்.

5. சார்ஜர்: 'தொடாமலேயே தானாக ஓடுகிறது, யாருக்கோ போன் போகிறது' என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சார்ஜ் போட்டிருக்கும்போதா என்பதுதான். மட்டமான சார்ஜர்களில் மின் இரைச்சலைத் தடுக்கும் பாகங்கள் சரியாக இருப்பதில்லை. அந்த இரைச்சல் கேபிள் வழியாக போனுக்குள் வந்து, டச் சிப்பின் கணக்கைக் குழப்பும். கேபிளைக் கழற்றியதும் தொல்லை நின்றுவிட்டால் ஸ்கிரீன் மேல் பழி போடாதீர்கள். பவர் பேங்கிலோ, வேறொரு நல்ல சார்ஜரிலோ போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் பழைய சார்ஜரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

6. சேப் மோட்: ஆண்ட்ராய்டில் பவர் மெனுவை வரவழைத்து, பவர் ஆப் என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேப் மோட் கேட்கும். இதில் நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப்கள் இயங்காது. இந்த நிலையில் டச் ஒழுங்காக இருந்தால், அண்மையில் போட்ட ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

பழுது எங்கே என்று கோடு போட்டுப் பாருங்கள்

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குச் சென்று 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தட்டுங்கள். (சில போன்களில் இது 'சாப்ட்வேர் இன்பர்மேஷன்' என்பதற்குள் இருக்கும்.) 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்று புதிய பகுதி ஒன்று கிடைக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இனி விரல் போகும் வழியெல்லாம் ஸ்கிரீனில் கோடு விழும்.

வயலில் ஏர் ஓட்டுவது போல, இடமிருந்து வலமாக நெருக்கமாகக் கோடுகள் இழுத்துக் கொண்டே கீழே வாருங்கள். பிறகு மேலிருந்து கீழாக இழுங்கள். முடிவை இப்படிப் படிக்கலாம்:

* எல்லாக் கோடுகளும் முழுமையாக விழுந்தால் ஸ்கிரீன் நன்றாகவே இருக்கிறது. சாப்ட்வேரைக் கவனியுங்கள்.
* ஒரே பட்டையில் மட்டும் எப்போதும் கோடு அறுந்தால், அங்கே வலைக் கோடு பழுதாகியிருக்கிறது. காம்போ மாற்ற வேண்டியிருக்கும்.
* விரல் வைக்காமலே கோடு விழுந்தால் ஈரம், சார்ஜர், உப்பிய பேட்டரி அல்லது விரிசல் காரணமாக இருக்கலாம்.
* எங்குமே விழவில்லை என்றால் உள்ளே கனெக்டர் கழன்றிருக்கலாம், அல்லது டச் சிப் போயிருக்கலாம்.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால், பெரும்பாலான மாடல்களில் டச் சோதனை உள்ளிட்ட மெனுவே வந்துவிடும். சோதனை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை ஆப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் சில பேங்க் ஆப்கள் திறக்காது.

போன் நனைந்தால் அரிசி மூட்டைக்குள் வைக்கலாமா?

நெல் விளையும் ஊரில் இருந்து கொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: வேண்டாம்! அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்காது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்பது நமக்கெல்லாம் தெரியும். நன்றாகக் காய்ந்து அரிசியான பிறகும் அதில் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. தானே ஈரத்தோடு இருக்கும் பொருள் மற்றொன்றை எவ்வளவு உலர்த்தும்? போதாததற்கு தவிடும் நொய்யும் சார்ஜிங் ஓட்டைக்குள் புகுந்து கொள்ளும். 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று எச்சரித்தது.

செய்ய வேண்டியது: உடனே போனை ஆப் செய்யுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சார்ஜ் போடாதீர்கள். கவரையும் சிம் டிரேயையும் எடுத்துவிட்டு, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பேன் காற்று படும் இடத்தில் குறைந்தது ஒரு நாள் வையுங்கள். வெயிலிலும் ஹேர் டிரையர் சூட்டிலும் வைக்க வேண்டாம்.

ஆற்றுத் தண்ணீர் என்றால் இப்படிச் செய்து பார்க்கலாம். முத்துப்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீரில் விழுந்தது என்றால் காத்திருக்கவே கூடாது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, சில நாட்களில் செம்புக் கோடுகளை அரித்துவிடும். ஆப் செய்த கையோடு கடைக்குக் கொண்டு போய், உள்ளே திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பட்டன் அழுந்தவில்லையா?

பவர் பட்டன், வால்யூம் பட்டன் சிக்கிக் கொண்டால் முதலில் கவரைக் கழற்றுங்கள். பொருந்தாத கவர் பட்டனை அழுத்திக் கொண்டே இருந்தால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும், சத்தம் தானாகக் குறையும். பிறகு காய்ந்த, மென்மையான பழைய டூத் பிரஷால் பட்டன் ஓரங்களைத் தேயுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், போனை ஆப் செய்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து ஓரத்தில் தடவி, பலமுறை அழுத்தி விடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். ஊசி வேண்டாம். எண்ணெய் விடவே கூடாது.

பட்டன் முற்றிலும் போய்விட்டதா? செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குச் சென்று, ஆண்ட்ராய்டில் 'ஆக்சஸிபிலிட்டி மெனு', ஐபோனில் 'அசிஸ்டிவ் டச்' என்பதை ஆன் செய்யுங்கள். லாக், வால்யூம் எல்லாம் ஸ்கிரீனிலேயே கிடைக்கும்.

இதேபோல ஸ்கிரீனின் ஒரு பட்டை மட்டும் செத்துவிட்டால் ஆட்டோ ரொட்டேட்டை ஆன் செய்து போனைப் படுக்கை வசமாகத் திருப்புங்கள். எட்டாத பட்டன் வேறு இடத்துக்கு வந்துவிடும்.

டச் போனால் மவுஸ் இருக்கிறது!

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய கேபிளை போனின் சார்ஜிங் ஓட்டையில் செருகி, மறுமுனையில் உங்கள் யு.எஸ்.பி. மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் ஸ்கிரீனில் அம்புக்குறி வந்துவிடும். கிளிக் செய்தால் விரலால் தொட்ட மாதிரி.

கொரடாச்சேரி பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இது கை கொடுத்தது. தை அறுவடை நேரம். வரப்பில் விழுந்த போனில் படம் தெரிகிறது, மேல் பாதி தொடவில்லை. பின் நம்பரில் 1, 2, 3 அழுத்தவே முடியாது. 'தம்பி, நெல்லுக் காசு வந்துட்டுன்னு நினைக்கிறேன், மெசேஜ் சத்தம் கேட்டுச்சு. அறுப்பு மெஷின்காரர் சாயந்திரம் அடுத்த ஊருக்குப் போறாராம். இதத் திறக்க முடியுமா பாருப்பா' என்று வந்தார். ஏற்கெனவே யார் யாரோ அழுத்திப் பார்த்ததில், தவறான பின் காரணமாக போன் சற்று நேரம் பூட்டிக் கொண்டிருந்தது. அந்த நேரம் முடியும் வரை காத்திருந்து, மவுஸை மாட்டிக் கொடுத்தேன். நம்பரை அவரே கிளிக் செய்தார். மெசேஜைப் படித்தார், மெஷின்காரருக்குப் பணத்தையும் அனுப்பினார். அதன் பிறகு நிதானமாக உட்கார்ந்து, சித்தி இருந்த காலத்தில் எடுத்த போட்டோக்களை எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு ஏற்றினோம். அவை வேறெங்கும் இல்லை. மறுநாள்தான் போன் கடைக்குப் போனது.

ஒரே ஓட்டையில் மவுஸும் இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் கேபிளும் வேண்டும் என்றால் என்ன செய்வது? மவுஸ் மூலம் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குச் சென்று, 'டிபால்ட் யு.எஸ்.பி. கான்பிகரேஷன்' என்பதில் பைல் டிரான்ஸ்பரைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்ட் 10 முதல் இந்த வசதி உண்டு. டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கிரீன் அணையும் நேரத்தையும் கூட்டி வையுங்கள். பிறகு மவுஸைக் கழற்றி, போன் திறந்திருக்கும்போதே கம்ப்யூட்டர் கேபிளைச் செருகினால் போல்டர்கள் தெரியும். ப்ளூடூத் மவுஸ் இருந்தால் இன்னும் எளிது. யு.எஸ்.பி. மவுஸால் அதை ஒருமுறை பேர் செய்துவிட்டால் ஓட்டை காலியாகிவிடும்.

போனைத் திறக்கலாமா?

மூன்று நிலைகளில் திறக்கவே கூடாது. வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள். ஓரம் வளைந்த, விலை உயர்ந்த அமோலெட் ஸ்கிரீன் என்றாலும் வேண்டாம். ஸ்கிரீன் ஒரு பக்கம் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த போனை ஆப் செய்து, அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

பழைய போன், கீழே விழுந்த பிறகுதான் டச் போனது, இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் முயற்சி செய்யலாம். பின்மூடியின் ஓரத்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள். இரும்புக் கத்தி பேட்டரியைக் கிழித்துவிடும். கழற்றும் ஸ்குரூக்களை எந்த இடத்தில் எடுத்தீர்களோ, அதே வரிசையில் ஒரு பேப்பரில் ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்குரூ இடம் மாறிப் போனால் போர்டையே துளைத்துவிடும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகே ஸ்கிரீன் கனெக்டரைக் கழற்றி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்ததும் 'டக்' என்று உட்காரும்படி மாட்டுங்கள். கனெக்டர் தளர்ந்ததுதான் காரணம் என்றால் இதிலேயே டச் திரும்பிவிடும்.

எல்லாம் இப்படி எளிதில் முடியாது. ஐபோன் 6 பிளஸ் போன்களில் டச் வேலை செய்யாத புகார்கள் எழுந்தன. ஸ்கிரீனை மாற்றியும் பலருக்குப் பழுது திரும்ப வந்தது, ஏனெனில் குறை போர்டில் டச் சிப் இருக்கும் இடத்தில் இருந்தது. 2016 நவம்பரில் ஆப்பிள் இதற்கெனத் தனிப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. சால்டரிங் வேலை என்று வந்துவிட்டால் அது கடைக்காரரின் வேலை.

கடையில் கொடுக்கும்போது

சிம், மெமரி கார்டைக் கழற்றிக் கொள்ளுங்கள். பின் நம்பரைச் சொல்ல வேண்டாம். சோதனை செய்ய வேண்டும் என்றால் நீங்களே திறந்து காட்டுங்கள். காம்போ மாற்றும்போது ஒரிஜினலா என்று கேளுங்கள். அமோலெட் ஸ்கிரீனுக்குப் பதில் எல்.சி.டி. போட்டால், ஸ்கிரீனுக்கு அடியில் உள்ள கைரேகை சென்சார் வேலை செய்யாது. ஒட்டுவதற்கு முன்பே டச்சை முழுதும் சோதித்துப் பாருங்கள். மேலே சொன்ன கோடு போடும் சோதனை இங்கும் உதவும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கைரேகையுள்ள ஹோம் பட்டன் கொண்ட ஐபோன்களில் அந்தப் பட்டன் போர்டுடன் பிணைக்கப்பட்டது. வேறு பட்டன் போட்டால் கைரேகை வேலை செய்யாது.

வெளியில் பழுது பார்த்தால் எங்களிடம் வராதே என்று சொல்லும் போக்குக்கு உலகம் முழுவதும் எதிர்ப்பு உண்டு. வெளிக்கடையில் ஸ்கிரீன் மாற்றியவர்களுக்கு உதவ மறுத்த விவகாரத்தில், 2018ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் வாரன்டி, சர்வீஸ் விவரங்களை அதில் பார்க்கலாம்.

போன் நன்றாக இருக்கும் இன்றே ஒன்றைச் செய்து வையுங்கள். ஒரு ஓ.டி.ஜி. கேபிள் வாங்கி, உங்கள் மவுஸ் அந்த போனில் வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். கையோடு போட்டோக்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு டச் அடம் பிடித்தாலும் பதற்றப்பட வேண்டியதில்லை, நிதானமாகப் பழுது பார்க்கலாம்.